இழுவை

வியாழக்கிழமை பொழுதடைந்து சாயப்பட்டறையிலிருந்து வீடு திரும்பிய ரங்கராஜ் குடிக்கத் தண்ணீர் கேட்டான். தமிழில் கேட்டான்.

அந்த வீட்டில் நிலைப்படிக்கு உள்ளே யாரும் தமிழ் பேசுவதில்லை. சமையலும் சண்டையும் சாமி கும்பிடுவதும் கன்னடத்தில்தான். தமிழ் தெருவுக்கு, கடைக்கு, பட்டறைக்கு. கொழுந்தன் ஏதோ கேலி செய்கிறான் என்று சிரித்துக்கொண்டே அண்ணி முத்துமணி செம்பை நீட்டினாள். அவன் சிரிக்கவில்லை. வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் செம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். உடம்பு முழுக்கக் கரி. காலில் செருப்பு இல்லை.

அவன் அண்ணன் சென்னகேசவன் அதே பட்டறையில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். தம்பி அங்கே பாய்லர் ஓட்டுகிறவன். அன்றைக்குப் பாய்லரை நிறுத்திவிட்டுப் புகைச் சுரங்கத்தில் இறங்கிக் கரி அள்ளுகிற வேலை. மூச்சு முட்டுகிற வேலை, மனிதன் ஒருநாள் இப்படித்தான் இருப்பான் என்று சென்னகேசவன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் ஆடி வெள்ளி. பட்டறை விடுமுறை. தெருவெல்லாம் கூழ் வாசமும் மேளமுமாகக் கிடந்தபோது ரங்கராஜ் உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆவணியில் கல்யாணம் நிச்சயமான பையன். பெண் வீட்டார் வந்து கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. சோறு தட்டிலேயே காய்ந்தது. ராத்திரி படுத்தபின் முத்துமணி கணவனின் காதோரம் வந்து சொன்னாள்: "உங்க தம்பி தூங்கும்போது நெஞ்சு ஏறி எறங்க மாட்டேங்குது. நான் ரொம்ப நேரம் பார்த்தேன்."

"இருட்டுல என்னத்தப் பார்த்த? பேசாமப் படு," என்றான். ஆனால் அவனுக்கும் தூக்கம் வரவில்லை. அறையிலிருந்து ஈரக்கரி வாசம் வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் வாட்ச்மேன் மொக்கையன் சைக்கிளில் வந்து நின்றார். நரிக்குடிப் பக்கத்துக்காரர், சென்னகேசவனைவிடப் பத்து வயது மூத்தவர்.

"பிட்டரே, பாய்லரு பத்த மாட்டேங்குதாம். தொட்டியில நூலு ஊறிக்கிட்டுக் கெடக்கு. நீராவி இல்லாட்டிச் சாயம் திட்டுத்திட்டாப் போயிரும்னு மொதலாளி போன்ல குதிக்கிறாக. ராத்திரிக்குள்ள பத்தணுமாம்."

சென்னகேசவன் தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தான். சுவரைப் பார்த்தபடியே ரங்கராஜ், "நீ போ," என்றான். அதுவும் தமிழில்.

பட்டறை ஊரை விட்டுத் தள்ளி, சீமைக்கருவேலங் காட்டுக்கும் உழுது போட்ட கரிசலுக்கும் நடுவில் இருந்தது. ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரை தடதடத்தது. முதலாளி ஜோதிலிங்கம் மதுரைக்குப் போயிருந்தார். காலையில் பாய்லரைப் பற்றவைத்துப் பார்த்த ஆட்களும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாயத் தொட்டிகளின் புளித்த வாசத்தைத் தாண்டி பாய்லர் ரூமுக்குள் நுழைந்ததும் காற்றின் சத்தம் சட்டென்று தணிந்து, வேறொரு வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

முதலில் ஃபேனைப் போட்டான். அடுப்பிலிருந்து புகையை இழுத்து, தரைக்கடியில் ஓடும் செங்கல் சுரங்கம் வழியாகத் தூரத்துப் புகைபோக்கிக்கு அனுப்புகிற ஃபேன் அது. ஓடியது. பர்னர் பற்றவில்லை. அப்படியென்றால் தடுப்பது பிரஷர் ஸ்விட்ச்.

உள்ளங்கையகல வட்டத் தகர டப்பாதான் அந்த ஸ்விட்ச். அதற்குள் ஒரு மெல்லிய ரப்பர்த் தோல். சுரங்கத்திலிருந்து வருகிற டியூப் அதில் சொருகியிருக்கும். ஃபேன் இழுக்கும்போது அந்தத் தோல் உள்வாங்கி டிக்கென்று ஒட்டும். ஒட்டினால்தான் பர்னருக்குக் கரண்டு போகும். இழுவை இல்லையென்றால் ஒட்டாது, நெருப்பும் வராது. அதை ஏமாற்றிப் பற்றவைத்தால் ஆயில் ஆவி உள்ளே தேங்கி, பாய்லர் ரூமே கூரையோடு பறந்துவிடும்.

ஸ்விட்சின் இரு முனைகளையும் கம்பித் துண்டால் ஒரு நொடி சேர்த்துப் பார்த்தான். பர்னர் மோட்டார் உறுமியது. உடனே கம்பியை எடுத்தான். ஆயில் பக்கம் பழுதில்லை. ஃபேனை நிறுத்தி, ஸ்விட்சிலிருந்து டியூபைப் பிடுங்கி, ஸ்விட்சின் மூக்கில் வாயை வைத்து லேசாக உறிஞ்சினான். டிக். விட்டான். டக். ஸ்விட்சும் நன்றாகத்தான் இருந்தது.

இனிப் பார்க்க வேண்டியது டியூப். கரி அடைத்திருக்கும். சுரங்கத்திலிருந்து வருகிற முனையை வாயில் வைத்து உறிஞ்சினான். நாக்கில் கரி கசந்தது. அடைப்பு இல்லை. வாயை எடுக்கப் போனபோது டியூப் அவன் உதட்டை இழுத்துப் பிடித்தது. ரொம்ப மெதுவாக, சின்னப் பிள்ளை விரலைச் சப்புகிற மாதிரி.

பிடுங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். காற்று, என்று சொல்லிக்கொண்டான். புகைபோக்கி மேல் ஆடிக்காற்று அடித்தால் இழுக்கத்தான் செய்யும். எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

இருந்தாலும் அளந்து பார்த்துவிடலாம் என்று, வளைந்த கண்ணாடிக் குழாயில் தொட்டியிலிருந்து சிவப்புச் சாயத் தண்ணீரை ஊற்றி, டியூபை அதில் மாட்டினான். இழுவை இருந்தால் ஒரு பக்கம் தண்ணீர் ஏறும். ஃபேன் நின்றிருக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. ஏறியது. நின்றது. இறங்கியது. நின்றது. மறுபடி ஏறியது.

அவன் வாசலுக்குப் போய் வெளியே பார்த்தான். காற்று எப்போதோ விழுந்திருந்தது. கருவேலத்தில் ஒரு இலை அசையவில்லை. கூரைத் தகரம் சத்தமில்லாமல் வெயிலில் கிடந்தது. திரும்பினான். கண்ணாடிக்குள் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவன் மூச்சைப் போல.

டியூபைக் கழற்றிக் காதில் வைத்தான்.

"அண்ணா."

தம்பியின் குரல். வெகு தூரத்திலிருந்து, கிணற்றடியிலிருந்து வருகிற மாதிரி.

"அண்ணா... அண்ணா..."

மொக்கையன் பீடியோடு உள்ளே வந்தபோது சென்னகேசவன் டியூபைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, வியாழக்கெழம இந்தச் சொரங்கத்துல எறங்குனது யாரு?"

"உங்க தம்பிதான். வேற யாரு?"

"ஏறி வந்ததப் பார்த்தீகளா?"

"ஏறும்போது பார்க்கல. பொழுதுசாயக் கேட்டைத் தொறந்துவிட்டதே நாந்தான். கரியப் பூசிக்கிட்டு, வெறுங்காலோட, ஒரு வார்த்தை பேசாமப் போனாக. பெறகு நாந்தான் வந்து மூடியப் போட்டு மண்ணு வச்சுப் பூசுனேன்." பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஏன் பிட்டரே? என்னத்துக்குக் கேக்குறீக?"

சென்னகேசவன் டியூபை நீட்டினான். மொக்கையன் வாங்கிக் காதில் வைத்தார். பீடி கீழே விழுந்தது.

அந்த நிமிடத்தில் சென்னகேசவனின் நெஞ்சு இரண்டாகப் பிளந்தது. காலுக்கடியில் தம்பி. அப்படியானால் வீட்டில், உள் அறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது யார்? முத்துமணி இப்போது தனியாக இருப்பாள். அடுப்படியில் நிற்பாள். கதவு திறந்துதான் கிடக்கும்.

வீட்டுக்கு ஓடினால் தம்பி போய்விடுவான். மூன்றாவது நாளாக அந்தக் கரிக்குள் கிடக்கிறவன். இங்கே நின்றால்...

"அண்ணே, சைக்கிளை எடுங்க. எங்க வீட்டுக்குப் போங்க. முத்துமணிய வெளிய கூப்பிட்டுப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாங்க. அந்த அறைக்குள்ள மட்டும் போக விடாதீக. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

"நீங்க ஒத்தையில..."

"போங்கண்ணே!"

அவர் ஓடினார். வாசலையொட்டித் தரையில் இருந்த சுரங்கத்தின் இரும்பு மூடியைச் சுற்றிப் பூசியிருந்த மண்ணைச் சென்னகேசவன் கடப்பாரையால் கொத்தினான். காய்ந்து கல்லாகியிருந்தது. நகம் பெயர்ந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் நடுவே, கீழே அந்தக் குரல். அழவில்லை, அலறவில்லை. ஒரே மாதிரி, ஒரே இடைவெளியில், அண்ணா, அண்ணா. தான் சின்ன வயதில் தறிக்குழிக்குள் ஒளிந்துகொண்டால் தேடிக்கொண்டே வருவானே, அந்தப் பயல் என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை முட்டியது. "வந்துட்டேன்டா! வந்துட்டேன்!" என்று கன்னடத்தில் கத்தினான். மூடி புரண்டது.

சுரங்கம் ஆள் தவழ்கிற உயரம். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நுழைந்தான். பாய்லர் ஆறிப்போய் நாளாகியிருந்தும் உள்ளே காற்று வெதுவெதுப்பாக, யாரோ வாயைத் திறந்து ஊதுகிற மாதிரி முகத்தில் பட்டது. முழங்கைவரை கரி. அள்ளாத கரி. தம்பி பாதியில் விட்டிருக்கிறான். ஒரு சாந்துச்சட்டி கவிழ்ந்து கிடந்தது. அப்புறம் அவன் செருப்பு. ஒன்று. இன்னும் தள்ளி மற்றொன்று.

"அண்ணா."

முன்னால்தான். வளைவுக்கு அந்தப் பக்கம்.

தவழ்ந்தான். கரி மூக்கில் ஏறியது. இருமினான். டார்ச் விழுந்தது. எடுத்தான். வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

வளைவு.

ஒரு கை.

செங்கல் இடுக்கிலிருந்து நீண்டு கிடந்தது. பற்றினான். விரல்கள் அவன் விரல்களை மூடிக்கொண்டன. உயிர் இருந்தது. சாமி, உயிர் இருந்தது! மேற்கூரை சரிந்து விழுந்த கற்களுக்குள் ரங்கராஜ் மார்பளவு புதைந்து, புகை போகிற வழியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு கிடந்தான். முகம் முழுக்கக் கரி. கண் மட்டும் வெள்ளை. அண்ணனைப் பார்த்ததும் அந்தக் கண்களில் சந்தோஷம் வரவில்லை.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது. சென்னகேசவன் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய் உதட்டைப் படித்தான். வீட்டுக் கன்னடம்.

ஏன் வந்தாய்?

நான் கூப்பிடவில்லையே.

எனக்குக் குரல் இல்லை.

"அண்ணா" என்றது ஏதோ. ரங்கராஜின் உதடு மூடியிருந்தது. இந்த முறை குரல் அவனுக்குப் பின்னால் கேட்டது. அவன் வந்த வழியில்.

திரும்ப இடமில்லை. கழுத்தை மட்டும் ஒடித்து, கால் இன்னும் தாண்டாத வளைவின் வழியாகப் பார்த்தான். தூரத்தில், மூடி திறந்திருந்த இடத்தில் சாயங்கால வெளிச்சம் ஒரு சதுரமாக இறங்கியிருந்தது. அந்தச் சதுரத்தை மறைத்துக்கொண்டு யாரோ மேலேறிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு. முழங்கால். வெறுங்கால்.

மொக்கையன் வந்துவிட்டார் என்று நினைத்தான். அண்ணே, கயிறு கொண்டாங்க என்று கத்தினான்.

சத்தம் வரவில்லை.

மறுபடி கத்தினான். தொண்டை நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. மூச்சுப் போனது. சத்தம் இல்லை.

மேலே சைக்கிள் சாய்கிற ஓசை. மொக்கையன் மூச்சிரைக்கும் குரல்: "பிட்டரே! என்னாச்சு? தம்பி..."

"ஒண்ணுமில்லண்ணே," என்றது சென்னகேசவனின் குரல். "ஒரு கூகை செத்துக் கெடந்துச்சு. காத்து அதுல பட்டு ஆளு கூப்பிட்ட மாதிரி கேட்டிருக்கு."

"அட என் சாமி! உசுரே போயிருச்சு. உங்க வீட்டம்மாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன். என்னமோ ஏதோன்னு அழுகிறாக."

"நான் போய்க் கூட்டிக்கிறேன்."

சென்னகேசவன் டார்ச்சால் செங்கல்லில் அடித்தான். அடித்தான். கண்ணாடி உடைந்தது. கையால் அடித்தான்.

"உள்ள என்னமோ தட்டுதே பிட்டரே?"

"ஆடிக்காத்து. ஸ்விட்சுதான் கெட்டுப்போச்சு. கம்பியப் போட்டுச் சேத்துடுறேன். இனிமே தடுக்காது. பத்தும்."

இரும்பு தரையில் உரசியது. சதுரத்தின் ஓரம் தேய்ந்தது. பாதியானது. ரங்கராஜின் விரல்கள் அவன் கையை நெரித்தன.

மூடுவதற்கு முன் ஒரு முகம் குனிந்து உள்ளே பார்த்தது. நெற்றித் தழும்பு, முன்வழுக்கை, உதட்டோரம் ஒட்டிய கரி. அவனுடைய முகம். அதில் கோபமில்லை, சிரிப்பில்லை. காலி செய்துவிட்டுப் போகிற வீட்டை, பூட்டுவதற்கு முன் ஒருதரம் எட்டிப் பார்க்கிறவனைப் போல, மூலை மூலையாகப் பார்த்தது.