வயர் அறுத்த விளக்கு

என் அக்கா புருஷனுக்கு டிரெய்லர் லாரி ஓட்டத் தெரியாது. ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியும், ஹார்ன் அடிக்கத் தெரியும், மீசையை முறுக்கத் தெரியும். அவ்வளவுதான். அந்த மகானோடு, சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் நான் மலை இறங்க வேண்டியிருந்தது. "அவரை முழுசாக் கூட்டிட்டு வந்துடுடா" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுக்கு நிறைமாதம்.

காற்றுப் பிடிக்க ஒதுங்கிய பட்டறையில், மெக்கானிக் எங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த வண்டியா?" என்றார் தணிந்த குரலில். "இதுல முன்ன ஓட்டினவன் யாரையும் மனுஷனாவே மதிக்கமாட்டான். எது சொன்னாலும், பீடி கவ்வின வாயால 'ப்ச்'னு ஒரு சத்தம். எக்ஸாஸ்ட் பிரேக்கை ஆஃப் பண்ணவே மாட்டான். ஒருநாள் மழையில, காலி வண்டியிலயும் போட்டே இறங்கினான். டிரெய்லர் சுத்தி வந்து கேபினோட அவனையும் நசுக்கிடுச்சு. இப்ப கேபின் மட்டும்தான் புதுசு."

மாமா சிரித்தார். "பிரேக் போட்டதால செத்தேன்னு எவனாவது சொல்லியிருக்கானாய்யா?"

செத்தவன் எப்படிச் சொல்வான் என்று யோசிக்கக்கூட அவருக்கு மூளை இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் புகைக்குழாயை அடைத்து, எஞ்சினைத் திணறவைத்து, முன்வண்டியின் இழுவைச் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். பாரத்தோடு காய்ந்த சாலையில் இறங்கும்போது அது தெய்வம். ஈரச் சாலையில் காலி வண்டிக்கு அது எமன். முன்னால் சக்கரம் வழுக்க, பின்னால் டிரெய்லர் தள்ள, வண்டி மடங்கிவிடும். இதை மாமாவிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. சுவருக்குக்கூட இதற்குள் புரிந்திருக்கும்.

பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. மதியமே இருட்டிவிட்டது. வைப்பருக்கு அப்பால் சாலை கறுப்பாக மினுங்கியது. கேபினுக்குள் மெல்ல ஒரு வாடை பரவியது. பீடி வாடை. எங்கள் இருவருக்கும் பீடிப் பழக்கம் கிடையாது.

அடுத்த வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. மாமாவின் மீசை தொங்கிவிட்டது.

"எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க மாமா. சின்ன கியர்லயே போங்க. கால் பிரேக்கை மெதுவாத் தொடுங்க."

அப்படியே செய்தார். டாஷ்போர்டில் அந்த சுவிட்சின் விளக்கு அணைந்தது.

மறுபடி எரிந்தது.

"நீயா போட்ட?"

"என் கை ரெண்டும் மடியில இருக்கு, மாமா."

அவர் மீண்டும் அணைத்தார். எங்கள் கண்ணெதிரே சுவிட்ச் டக்கென்று தானாக ஏறியது.

பின்னால், ஆளில்லாத படுக்கைப் பலகையிலிருந்து ஒரு சத்தம்.

"ப்ச்."

அத்தனை இளக்காரமான ஒலியை நான் கேட்டதே இல்லை.

"போட்டே ஓட்டுடா, பயந்தாங்கொள்ளி" என்றது பின்னாலிருந்து அதே குரல்.

பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் தெரிந்தது. பின்னால் வர வேண்டியது, எங்களுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

மாமா பிரேக்கின் மேல் ஏறி நின்றார்.

"காலை எடுங்க! ஆக்சிலேட்டரைத் தொடுங்க!"

"பைத்தியமாடா உனக்கு?"

"அதைத் தொட்டாத்தான் எக்ஸாஸ்ட் பிரேக் விடும்! அக்காவை நெனச்சுக்கோங்க மாமா!"

அழுதுகொண்டே தொட்டார். புஸ்ஸென்று அடைப்பு திறந்தது. சக்கரங்கள் மறுபடி உருண்டன. டிரெய்லர் மனசே இல்லாமல் பின்னால் போனது.

சாலை அகலமான இடத்தில் நிறுத்தினோம். நானே கட்டிங் பிளேயரால் வயரை அறுத்து, சுவிட்சைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தேன். மாமாவை முழுசாக அக்காவிடம் ஒப்படைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"மலையில என்னத்தடா கத்துக்கிட்டு வந்தார் உன் மாமா? எது சொன்னாலும் 'ப்ச்'ங்கிறார். வாயில பீடி வேற."

வெளியே ஓடினேன். நல்ல மழை. மாமா காலி வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னைக்கு வேண்டாம். இறங்குங்க."

அவர் ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். சுவிட்ச் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அதற்கு மேலே, வயர் அறுந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ப்ச்" என்றார்.