தாச்சி வைத்த சிவப்புக் கார்

பத்து வயது ஷரோனுக்கு அந்தக் கோடையில் ஒரேயொரு பகையாளிதான் இருந்தான். அவன் பெயர் ஜோசுவா. தொல்லை என்னவென்றால், அவனும் அவள் வீட்டிலேயே குடியிருந்தான்.

ஜோசுவா, ஷரோனின் அப்பாவுடைய தங்கை மகன். வசந்த காலத்தில்தான் தாயோடு மன்னாரிலிருந்து கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவிலுள்ள ஷரோன் வீட்டு பேஸ்மென்ற்றில் இறங்கியிருந்தான். அவனுடைய தகப்பனுக்கு விசா இன்னும் கிடைக்கவில்லை.

வந்தவன் சும்மா இருந்தானா? நேரே கராஜுக்குள் புகுந்துவிட்டான்.

கராஜுக்குள் நின்றது அப்பாவின் மிஜெற். இங்கிலாந்தில் செய்த சின்னஞ்சிறு சிவப்புக் கார். கூரையை மடித்துவிடலாம். இருக்கைகள் இரண்டே இரண்டு. வயதாகிப்போன அதன் சின்ன எஞ்சின் மேட்டைக் கண்டால் இருமத் தொடங்கிவிடும். அதனால் அப்பா, பின்பக்கம் அடிபட்டுக் கழிந்துபோன ஒரு யப்பான் காரின் பெரிய எஞ்சினை வாங்கி அதற்குள் பூட்டிக்கொண்டிருந்தார். ஓகஸ்ட்டில் மடு மாதா திருவிழா நடக்கும் மிட்லண்ட் கோயிலுக்குப் போவது இந்தக் காரில்தான் என்று காண்பவர்களுக்கெல்லாம் சொல்லியும் விட்டார்.

அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை யாருக்கு? தனக்குத்தான் என்பதில் ஷரோனுக்கு முன்பு சந்தேகமே இருக்கவில்லை. இப்போது இருந்தது.

"ஜோசுவா, அந்தப் பதினாலைத் தா."

அப்பா வாய் மூடுவதற்குள் ஸ்பனர் அவர் கையில் இருந்தது. ஷரோன் எடுத்துக் கொடுத்தால் மூன்றாம் தரம்தான் சரியானது வரும்.

"கெட்டிக்காரனடா நீ!" என்று அப்பா அவன் தோளில் தட்டினார்.

ஷரோன் இருவருக்கும் நடுவில் புகுந்தாள். "அப்பா, நானும் ஹெல்ப் பண்ணட்டே?"

"நீ ரோச்லைற்றைப் பிடி, பிள்ளை."

ரோச்லைற் பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா? அவள் வேண்டுமென்றே வெளிச்சத்தைக் கூரைக்கு அடித்தாள்.

எஞ்சினை மூடும் தகரமான பொனெற், கழற்றியபடி பின்வளவில் இரண்டு ஸ்ரூல்களின் மேல் கிடந்தது. வெயிலில் நன்றாகச் சுடும் அந்தத் தகரத்தைக் கண்டதும் அம்மா மோர்மிளகாயைப் பரப்பிவிட்டார். இடையில் ஓர் அணில் வந்து ஒரு மிளகாயைக் கடித்துவிட்டு, பக்கத்து வீடுவரை நிற்காமல் ஓடியது.

"மக்டலீன், பொனெற்றை ஒருக்கா வைச்சுப் பார்க்கோணும்," என்றார் அப்பா.

"மிளகாய் காயட்டும். பிறகு வையுங்கோ."

மிளகாய் விசயத்தில் அம்மாவோடு வாய் கொடுக்க அப்பாவுக்குத் துணிவில்லை. "ஜோசுவா, நீ எஞ்சின்ர உயரத்தை அளந்து பார்," என்றார்.

ஜோசுவா அளந்தான். "இடம் காணும், மாமா. பொனெற் மூடும்," என்றான்.

அடுத்த கிழமை அப்பா எஞ்சினின் உச்சியில் கறுப்பு வட்டப் பெட்டி ஒன்றைப் பூட்டினார். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிப்பது அது. காரின் பக்கத் தகரங்களைவிட அது உயர்ந்து நிற்பதை ஷரோன் கண்டாள். ஜோசுவா அளந்தபோது இந்தப் பெட்டி இருக்கவில்லையே! பொனெற் எப்படி மூடும்?

"அப்பா, உது வந்து..."

"பொறு பிள்ளை. ஜோசுவா, இஞ்ச வந்து பார், என்ன வடிவெண்டு!"

ஷரோன் வாயை மூடிக்கொண்டாள். 'நல்லாப் பிழைக்கட்டும்,' என்று நினைத்தாள்.

நினைத்தபடியே நடந்தது. திருவிழாவுக்கு முதல்நாள் காலையில் அம்மா மிளகாயை அள்ளி எடுத்துவிட, அப்பாவும் ஜோசுவாவும் பொனெற்றைத் தூக்கிவந்து வைத்தார்கள். அது வட்டப் பெட்டியில் முட்டிக்கொண்டு நாலு விரல் உயரத்தில் நின்றது. அப்பா அமத்திப் பார்த்தார், மேலே ஏறி இருந்தும் பார்த்தார். பலிக்கவில்லை.

"இப்பிடி ஓடினாப் பொலிஸ் மறிப்பான்," என்றார். "எல்லாரும் அம்மான்ர காரிலயே போவம்." பொனெற்றைத் திரும்பப் பின்வளவில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். யாரையும் ஏசவில்லை.

ஷரோனுக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் அது கொஞ்ச நேரம்தான்.

கராஜுக்குப் பின்னால் ஜோசுவா அழுதுகொண்டிருந்தான்.

"நான்தானே அளந்தனான். மாமா என்னை நம்பினவர்," என்று விம்மினான்.

ஷரோன் அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள். "எனக்குப் போன கிழமையே தெரியும், மூடாதெண்டு."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"உன்னில எரிச்சல். அப்பா எப்பவும் ஜோசுவா, ஜோசுவா எண்டுதானே சொல்லுறார்."

ஜோசுவா அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "உனக்கு என்னிலயோ? எனக்கெல்லோ உன்னில எரிச்சல்! உன்ர அப்பா இஞ்சயே நிக்கிறார். அவர் உன்னைப் பிள்ளை எண்டு கூப்பிடேக்க எனக்கு அழுகை வரும்."

அப்படி ஒன்றை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. எதையாவது செய்தே ஆகவேண்டும் போலவும் இருந்தது.

பின்வளவுக்கு நடந்தாள். அதற்குள் அம்மா மிச்ச மிளகாயை மறுபடி பொனெற்றில் பரப்பி, அணிலுக்குப் பயந்து, பலகாரம் பொரிக்கும் பெரிய அலுமினியத் தாச்சியை அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். சிவப்புப் பொனெற்றின் நடுவில் தாச்சி ஒரு திமில் மாதிரிப் பளபளத்தது.

ஷரோன் வீட்டுக்குள் ஓடினாள். "அப்பா! பொனெற்றில ஓட்டை வெட்டி, மேல தாச்சியைக் கவிட்டுப் பூட்டினா என்ன? பெட்டி அதுக்குள்ள நிக்கும்!"

அப்பா நிமிர்ந்தார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவும் நிமிர்ந்தார்.

"என்ர தாச்சியைக் காருக்கோ?"

"மாதாட்டைத்தானே அம்மா போகுது," என்றாள் ஷரோன்.

மாதாவின் பெயரைச் சொன்னபிறகு அம்மா என்ன செய்வார்? பின்னேரம் முழுக்கக் கராஜில் ஒரே சத்தம். அப்பா தகரத்தை வெட்டினார். ஜோசுவா இந்தத் தடவை பெட்டியோடு சேர்த்து, இரண்டு தரம் அளந்தான். ஷரோன் ரோச்லைற்றை ஆடாமல் பிடித்தாள். கைபிடி வெட்டிய தாச்சி பூட்டப்பட்டது. பொனெற் மூடியது.

மறுநாள் காலை அப்பா காரின் கதவைத் திறந்தார். "ஏறு பிள்ளை. இது உனக்கெண்டு வைச்ச சீற்."

எத்தனை நாளாக அவள் காத்திருந்த சொல்! ஜோசுவா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போகேக்க அவன் ஏறட்டும்," என்றாள் ஷரோன். "எனக்குக் காலமையில நித்திரை வரும். வரேக்க நான் வாறன்."

விடிய முதலே எழும்பி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றவள் அவள். அப்பா சிரித்துக்கொண்டே ஜோசுவாவை ஏறச் சொன்னார்.

அம்மாவின் காரில், ஜோசுவாவின் தாயான மாமியோடு பின்னால் வரும்போது பொறாமை மெல்லத் திரும்பி வரத்தான் செய்தது. மிட்லண்ட் வரைக்கும் மூஞ்சியை நீட்டிக்கொண்டே வந்தாள்.

திருவிழா முடிந்து திரும்பும்போது, அப்பாவுக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள். கூரை மடித்திருந்தது. முன்னால் நேர் வீதி வெறிச்சோடிக் கிடந்தது.

"இந்த எஞ்சின்ர பலத்தைக் காட்டட்டே?" என்று அப்பா கேட்டார்.

ஷரோன் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த அம்மாவின் காரில், கண்ணாடியில் மூக்கு முட்ட ஜோசுவா அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தான். காலையில் அவள் வைத்திருந்த அதே முகம்.

"வேண்டாம் அப்பா. மெள்ளப் போங்கோ. ஜோசுவா பின்னால வாறான்."

அவ்வளவு பெரிய எஞ்சின், ஸ்காபரோ வரைக்கும் நடைபோட்டுத்தான் வந்தது.