இடது பக்கம் யாரும் இல்லை

போன் அலறியது.

ரஜனி எடுக்கவில்லை. அவள் கை ஜவாஹிர் ஹாஜியாரின் தாடையில் இருந்தது. அந்த முகத்தை மெல்ல மெல்ல இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஹாஜியார்... மேசையோட அந்தக் கரையில சிவப்புக் கோப்பை ஒன்னு இருக்கு. எடுங்க பாப்பம்."

"கோப்பை ஒண்டும் இல்ல மகள். மேசையே இங்க முடியுதே."

மேசை முடியவில்லை. இன்னும் பாதி இருந்தது. ஆனால் ஹாஜியாருக்கு அந்தப் பாதி கிடையாது!

போன் விடுவதாக இல்லை. எடுத்தாள். வக்கீல். அவர் சொன்னதைக் கேட்டாள்... கேட்டு முடித்ததும் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக் காலை அடையாள அணிவகுப்பு. சாட்சியால் கோர்ட்டுக்கு வர முடியாது. அதனால் நீதவானே ஆஸ்பத்திரிக்கு வருகிறார். வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். அதில் ஒருவன் துஷாந்த்... ரஜனியின் தம்பி!

சாட்சி?

அவள் எதிரே உட்கார்ந்து, இருக்கிற கோப்பையை இல்லை என்று சாதிக்கிற இதே ஹாஜியார்தான்.

மாத்தளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், எனக்கெதற்கு வம்பு. அங்கே ஓ.டி. யூனிட் என்றொரு பிரிவு. ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்துப் பதற வேண்டாம், இங்கே கத்தி கிடையாது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் மண்டையில் அடிபட்டவர்களுக்கும் சட்டை போடவும் சோறு பிசையவும் பொத்தான் மாட்டவும் மறுபடி சொல்லிக்கொடுக்கிற தொழில்வழிச் சிகிச்சை. ரஜனி அதில் உதவியாளர்.

ஹாஜியார் மாத்தளை டவுனில் மிளகு வியாபாரி. போன மாதம், அலுவிகாரையில் இருக்கும் அவருடைய ஸ்டோரில் மிளகு மூட்டை திருட நுழைந்தவன், குறுக்கே வந்த அவரை எடை போடுகிற படிக்கல்லால் அடித்துவிட்டான். அடி விழுந்தது தலையின் வலப்பக்கம். போனது உலகத்தின் இடப்பக்கம்!

கண் நன்றாகத்தான் இருக்கிறது. மூளைக்குத்தான் இடது என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, பாதிதான் வைத்தார்கள் என்று வார்டையே ரெண்டாக்குவார்.

அடித்தவன் யார் என்று தெரியாது, முகத்தைப் பார்த்தால் சொல்வேன் என்று போலீசிடம் சொல்லியிருந்தார். மற்றபடி அந்த மாலைப் பொழுது அவருக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருந்தது.

போலீஸ் பிடித்தது துஷாந்தை. அவனுடைய த்ரீவீல் சீட்டில் ஹாஜியாரின் ரத்தம்! அந்த வழியாகப் போனபோது முனகல் கேட்டது, தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் விட்டேன் என்றான். பிறகு ஏன் ஓடினாய் என்று கேட்டார்கள். பழைய போதைத் தூள் கேஸ் இருக்கிறது, யார் நம்புவார்கள் என்று பயந்தேன் என்றான்.

அவன் பயந்தது சரி. போலீஸ் நம்பவில்லை.

ரஜனியும் நம்பவில்லை. அதுதான் கொடுமை! தூள் பிடித்து அலைந்த காலத்தில் அவன் இதே முகத்தோடு எத்தனை பொய் சொல்லியிருக்கிறான். அம்மாவின் தோடு காணாமல் போன அன்றுகூட இப்படித்தான் கண் கலங்கி நின்றான். இரண்டு வருடமாக ஒழுங்காகத்தான் இருந்தான். ஆனாலும் அவளால் முடியவில்லை.

கைதானவன் அவள் தம்பி என்பது ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். யூனிட்டின் அட்டென்டன் சசிக்குமார். அவள் ஒருநாள் சுவரைப் பார்த்து அழுததைக் கண்டு, கேட்டுத் தெரிந்துகொண்டவன். யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலையிலும் தங்கம். ஹாஜியாரின் இடப்பக்கமே நின்று தூக்குவான், இடப்பக்கத்திலிருந்தே தேத்தண்ணி நீட்டுவான். அந்தப் பக்கம் ஆள் இருந்தால்தானே திரும்பிப் பார்க்கப் பழகுவார் என்று ரஜனியே அவனைப் பாராட்டியிருக்கிறாள்.

அன்று மத்தியானம், ஹாஜியாரை வார்டில் விட்டுவிட்டு வந்தவன் கதவைச் சாத்தினான்.

"தங்கச்சி, நான் சொன்னேன்னு நினைக்காத. வரிசையில எந்த எடத்துல நிக்கிறதுன்னு சந்தேக நபர்தான் தெரிவு செய்வாராம். அவர் உரிமை அது."

"அதுக்கு?"

"ஹாஜியாருக்கு இடது பக்கம் இல்லதானே. தம்பி அந்தக் கரையில கடைசி ஆளா நின்னா... அவர் கண்ணுல படவே மாட்டான்."

ரஜனி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மாதமாக அந்த இடப்பக்கத்துக்காகத்தான் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கோப்பையை நகர்த்தி, தாடையைத் திருப்பி, கெஞ்சி, அதட்டி... இப்போது அது வராமலே போகட்டும் என்று அவளே வேண்ட வேண்டுமா?

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே அரை நாள் லீவு போட்டுவிட்டு ரிமான்ட் சிறைக்கு பஸ் ஏறினாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் துஷாந்த் பாதியாக இளைத்திருந்தான். அவள் நேரத்தை வீணாக்காமல் விஷயத்தைச் சொன்னாள். குழம்பிவிடக் கூடாது என்று கையைத் தூக்கியே காட்டினாள்.

"நீ அவரப் பாத்து நிக்கும்போது ஒன் சோத்துக் கை பக்கம். அந்தப் பக்கம் கடைசி ஆளு. வெளங்குதா?"

அவன் தலையாட்டவில்லை.

"நீ என்னய நம்புறியா அக்கா?"

ரஜனி காவலரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் மாத்தளை வரும்வரைக்கும் அழுதாள்.

மறுநாள் காலை அவள் ஹாஜியாரின் தாடையைத் தொடவில்லை. சிவப்புக் கோப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இன்னைக்குப் பயிற்சி இல்லையா மகள் என்று அவர் கேட்டதற்கு, இல்லை என்று பொய் சொன்னாள்.

யூனிட்டின் பெரிய அறையைக் காலி செய்திருந்தார்கள். ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். சக்கர நாற்காலியில் ஹாஜியார். இடப்பக்கம் சசிக்குமார், வலப்பக்கம் ரஜனி. நீதவான் சிங்களத்தில் பேச, முதலியார் எனப்படும் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

துஷாந்தைக் கொண்டு வந்தார்கள். விரும்பிய இடத்தில் நிற்கலாம் என்றார்கள்.

அவன் அக்காவை ஒரு தரம் பார்த்தான்.

நடந்தான்...

ஐயோ, அந்தப் பக்கம் இல்லை! பீச்சாங்கை எது சோத்துக் கை எது என்று தெரியாத பாவியாகிவிட்டானா? அவன் போய் நின்றது வலது கரையின் கடைசி. ஹாஜியாரின் பார்வை முதலில் விழுகிற இடம்!

விழுந்தது.

ஹாஜியாரின் விரல் உயர்ந்தது.

"இவன்..."

ரஜனி கண்களை மூடிக்கொண்டாள். தம்பி தொலைந்தான். அவள் கையாலாகாத அக்கா. அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

"இவரா உங்களை அடித்தவர்?" முதலியார் கேட்டார்.

"அடிச்சவனா? என்ன பேச்சு பேசுறீங்க. இவன்தான் என்னயத் தோள்ல போட்டுத் தூக்கின புள்ள. கண்ண மூடாதீங்க பெரியவர், கண்ண மூடாதீங்கன்னு வழி நெடுகக் கத்திக்கிட்டே ஓட்டினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல கேட்டுக்கிட்டே ஈக்கி."

அப்படியானால் அடித்தவர் இந்த வரிசையில் இருக்கிறாரா என்று நீதவான் கேட்கச் சொன்னார். ஹாஜியார் வலது கரையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நடுவில் நின்றுவிட்டார்.

"இல்ல. இந்த அஞ்சு பேர்ல அவன் இல்ல."

நிற்பது பத்துப் பேர்! நீதவானும் முதலியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சேர், ஹாஜியாருக்குக் களைப்பா இருக்கு. நான் வார்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்." சசிக்குமார் யாரும் சொல்லாமலே நாற்காலியைத் திருப்பினான். வலப்பக்கமாக.

ஏன் இந்த அவசரம்?

ரஜனியின் உச்சந்தலையில் எதுவோ விழுந்தது. தம்பியை ஹாஜியார் பார்க்காமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவனுக்காகப் பேச யாருமே இல்லாமல் போயிருக்கும். சீட்டில் இருந்த ரத்தமே போதும், உள்ளே தள்ளிவிட. தம்பியை இடது கரையில் நிற்கச் சொன்னது யார்? ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது ஹாஜியாரின் வலப்பக்கம் வராத ஆள் யார்?

கடவுளே... நானே அவனைப் பாராட்டினேனே!

அவள் நாற்காலியின் சக்கரத்தைக் காலால் தடுத்தாள். நீதவானைப் பார்த்தாள். ஹாஜியாருக்கு இடப்பக்கம் தெரியாது, வழக்கமாகத் தான் திருப்பிக் காட்டுவது உண்டு, இப்போதும் காட்டலாமா என்று கேட்டாள். மீதி ஐந்து பேரையும் பார்க்கட்டும் என்று அவர் தலையசைத்தார்.

ரஜனி முழங்காலிட்டு ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

"ஹாஜியார், பயிற்சி. என் விரல விடாதீங்க."

விரல் நகர்ந்தது. அவர் முகமும் கூடவே வந்தது. ஆறாவது ஆள்... எட்டாவது... பத்தாவது ஆளும் முடிந்தது. விரல் நிற்கவில்லை!

வரிசையைத் தாண்டியது. ஜன்னலைத் தாண்டியது. ஹாஜியாரின் கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் கொஞ்சம் என்று அவள் மன்றாடினாள். இன்னும் கொஞ்சம்... இந்த ஒரு தடவை மட்டும்...

விரல் சசிக்குமாரின் மூக்குக்கு நேரே நின்றது.

ஹாஜியாரின் வாய் கோணியது.

"இவன்... மகள், இவன்தான். படிக்கல்லத் தூக்கினவன்."

"மூளை கலங்கின மனுசன், ஏதோ..." என்று சசிக்குமார் இழுத்தான். இழுத்துக்கொண்டே கதவை நோக்கிப் பாய்ந்தான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அவனைப் பிடித்துக்கொண்டார். மிளகு மூட்டைகளை யட்டவத்தையில் யாரிடம் விற்றான் என்பது சாயந்தரத்துக்குள் வெளியே வந்துவிட்டது. தான் அடித்த ஆளே தன் யூனிட்டுக்கு வந்து சேர்வான் என்று மட்டும் அவன் எதிர்பார்க்கவில்லையாம்.

துஷாந்த் விடுதலையாகி வந்த அன்று, ரஜனி ஆஸ்பத்திரி நடைபாதையில் அவன் எதிரே நின்றாள்.

"சொன்ன பக்கம் ஏன்டா நிக்கல?"

"நீயே நம்பல. அவராவது என்னய நல்லாப் பாக்கட்டும்னுதான்."

மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் கையை உருவிக்கொள்ளவில்லை, அதுவே பெரிய விஷயம்.

யூனிட்டில் இப்போது அட்டென்டன் இல்லை. அதனால் ஹாஜியாரின் நாற்காலியை அவனே தள்ளினான். த்ரீவீல் ஓட்டிய வேகம்! திருப்பத்தில் இடது சக்கரம் சுவரில் உரசியது.

ஹாஜியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, இடது பக்கம் தெரியாத நோயாளி நான்... நீ ட்ரைவர்!"