பொதுச் சுவர்

முனிவேல் எழுந்துபோய் வெகுநேரம் ஆகியும் அவன் சாய்ந்திருந்த சுவர் சுட்டது. வெயில் படாத சுவர். பக்கத்து வீட்டுப் பிரவீனாவுக்கும் அவர்களுக்கும் பொதுவானது. மாதேஸ்வரி கையை இழுத்துக்கொண்டாள்.

ஓசூருக்கு வெளியே அவள் கணவன் முனிவேல் வேலை பார்த்த பேட்டரி ஷெட் போன வாரம் எரிந்தது. பேட்டரிகளைக் குளிரவைக்கும் தண்ணீர் மோட்டார் காலையிலேயே நின்றுபோனதாம். சொல்லியும் சூப்பர்வைசர் வெங்கட் வேலையை நிறுத்தவில்லை. மோட்டாரைவிட ஆட்கள் சீக்கிரம் கிடைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். கூட வேலை பார்த்த விமல்ராஜைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அவன் அருகில் நின்ற முனிவேலுக்கோ ஒரு கொப்புளம்கூட இல்லை. டாக்டர் காய்ச்சல் இல்லை என்றார். முதலாளி, திங்கட்கிழமை வந்துவிடு என்றார்.

அன்றிலிருந்து அவன் சாப்பிடவில்லை. ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாக்கு காயும். அவள் நனைப்பாள். மறுபடி காயும்.

இன்று பொழுது சாயும்போது கரண்ட் போனது. அவன் திரும்பி வந்து அதே இடத்தில் சாய்ந்தான். மின்விசிறி தேய்ந்து நின்றதும், நெடுஞ்சாலையில் கர்நாடக லாரிகளின் இரைச்சலும், சூடு இறங்காத தகரக் கூரையின் சடசடப்பும், அவற்றுக்கெல்லாம் அடியில் விட்டுவிட்டு வரும் மெல்லிய சீறலும் அவளுக்குக் கேட்டன. குக்கர் என்று நினைத்தாள். அடுப்பு எரியவில்லை. நகப்பூச்சு போல ஒரு தித்திப்பு வாடை, ஷெட்டிலிருந்து வரும்போது அவன் சட்டையில் இருக்கும் அதே வாடை. அவன் வாயிலிருந்து.

"மாதேசு, கிட்ட வராத. ஒண்ணு சூடானா பக்கத்துல இருக்கறதும் சூடாயிரும். அங்க அப்பிடித்தான் ஆச்சு."

குடத்தோடு அவன் தலையில் ஊற்றினாள். தண்ணீர் தரைக்கு வரவில்லை. ஆவி. அறை முழுக்க ஆவி.

அந்தச் சுவரை ஒட்டித்தான் பிரவீனா கைக்குழந்தையோடு படுப்பாள்.

மாதேஸ்வரி வெளியே ஓடினாள். பிரவீனா வாசலிலேயே நின்றிருந்தாள், குழந்தையை ஈரத்துண்டில் சுற்றிப் பிடித்தபடி. துண்டு புகைந்தது. குழந்தை அழவில்லை.

"கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்கக்கா," என்றாள் பிரவீனா.

அடுத்த கதவு திறந்தது. அதற்கடுத்தது. வரிசை முழுக்க ஆட்கள் காலிக் குடங்களோடு இறங்கி, தண்ணீர் வராத தெருக்குழாயைச் சுற்றிக் கூடினார்கள். ஒருவர்மேல் ஒருவர் பட்டுவிடாமல் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சந்து குறுகலானது. பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள்.