கயல்விழிக்குத் தாகம்

எடை மெஷினு அறுபத்திரெண்டரை காட்டுச்சு. பழமலை எறங்கி, செருப்பு போட்டிருக்கோமான்னு குனிஞ்சு பாத்துட்டுத் திரும்ப ஏறினான். அதே அறுபத்திரெண்டரை. முந்தாநாள் டயாலிசிஸ் முடிச்சுக் கெளம்பறப்ப அம்பத்தெட்டுதான்.

"அண்ணே, ரெண்டு நாள்ல நாலரை கிலோவா? எத்தன சொம்பு ஊத்துனீங்க?" நர்ஸு துர்கா மொறைச்சா.

"சத்தியமா ஒரு நாளைக்கு அர லிட்டரு தாண்டல சிஸ்டரு."

"ரசம், மோரு, காபி எல்லாமே தண்ணிக் கணக்குதான். இப்பிடியே ஏறுச்சுன்னா நொரையீரல்ல போயி நிக்கும். படுத்தா மூச்சு வராது, பாத்துக்குங்க."

"நாந்தாம்மா அளந்து குடுக்கறேன். சோத்துக்கு ரசம் கூட ஊத்தல"ன்னா அவன் பொண்டாட்டி கயல்விழி. தொண்ட கரகரத்துச்சு. பேசி முடிச்சதும் ஒரு லிட்டரு பாட்டில அண்ணாந்து காலி பண்ணா. நல்லூர்லேருந்து பஸ்ஸுல வர்றப்பவே ஒண்ணு முடிச்சிருந்தா.

துர்கா சிரிச்சுட்டா. "அண்ணனுக்கும் சேத்து நீங்களே குடிக்கறீங்களாக்கா?"

பழமலைக்கு சிரிப்பு வரல. டயாலிசிஸ் ஆரம்பிச்ச இந்த மூணு வாரமா, அவன் நெஞ்சு ஏறி எறங்குதான்னு மேல கை வச்சுக்கிட்டேதான் அவ தூங்கறா. காலையில எழுந்தா அவளுக்கு ஒதடு வெடிச்சிருக்குது, இவனுக்குக் காலு பளபளன்னு வீங்கியிருக்குது.

கழுத்துக் குழாயில மெஷின மாட்டுனாங்க. நாலு மணி நேரம். ஸ்பிரிட்டு வாசனையும், ஏசித் தண்ணி பக்கெட்டுல சொட்டற சத்தமும், பம்பு கடக்கு கடக்குன்னு சுத்தறதும், அவன் ரத்தமே குழாயில வெதுவெதுன்னு காதோரம் போயிட்டு வர்றதுமா கெடந்தான். கயல்விழி ஸ்டூல இழுத்துப் போட்டுத் தாழ ஒக்காந்து, கைய மேல தூக்கி அவன் கையப் புடிச்சுக்கிட்டா.

மூணு மணி நேரம் போனப்ப அவ கை சொரசொரன்னு இருந்துச்சு.

இருவது வருசமா செராமிக் கம்பெனியில கப்புக்கு கிளேஸ், அதான் அந்தக் கண்ணாடிப் பூச்சு, போடறவன் அவன். ஒரு தடவ சுட்டு, இன்னும் கிளேஸ் ஏறாத கப்பு சரியா வெந்திருக்குதான்னு நாக்க வச்சுதான் பாப்பான். கப்பு எச்சிய சர்ருன்னு உறிஞ்சி நாக்கையே கவ்விக்கும். பிச்சு எடுத்தா வலிக்கும்.

அந்த இழுப்பு இப்ப அவன் உள்ளங்கையில.

இழுக்கறது அவ இல்ல. அவன்.

"கயலு, கைய எடு."

"இருக்கட்டுங்க. பயப்படாதீங்க."

"எடுடி!"

உதறினான். வரல. தோலோட தோலு ஒட்டிக்கிச்சு.

"சிஸ்டரு!"

"வரேண்ணே, அசையாதீங்க, குழாய் கழண்டுக்கும்!" கடேசிக் கட்டில்லேருந்து துர்கா கத்துனா.

மெஷின்ல மூணு லிட்டரு எடுத்தாச்சுன்னு காட்டுது. அவன் காலு வத்தல. வெரலு இன்னும் தடிக்குது.

சுருங்கிப்போன கையில அவ வளையலு சரிஞ்சுது. மணிக்கட்டுலேருந்து முழங்கைக்கு. முழங்கையத் தாண்டி. தோளு வரைக்கும். கிலுங் கிலுங்குன்னு.

"கயலு..."

வாயத் தெறந்தா. சத்தம் வரல. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

அவன் கண்ணுலேருந்து தண்ணி கொட்டுச்சு. நிக்கவே இல்ல. காதுக்குள்ள வழிஞ்சுது. தலகாணி ஊறிப் போச்சு.

அவ அவனையே பாத்தா. மெதுவா கண்ண மூடித் தெறந்தா.

காஞ்ச மண்ணு விரியறாப்ல அவ கையிலேருந்து சரக்குன்னு சத்தம் கேட்டுச்சு.