கடுகு வெடிக்கும் ஊர்

ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே கடுகு தாளிக்கிற வாசனை வந்துவிட்டது. ராஜப்பன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எந்தக் கூரையிலும் புகையைக் காணோம்.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் அம்மைத் தடுப்பூசி குத்துகிறவன் அவன். பெரியம்மை கண்டவர்களை ஜனங்கள் மறைப்பார்கள். வாசலில் வேப்பிலைகூடச் செருக மாட்டார்கள். ஆனாலும் அந்த வீட்டில் தாளிக்க மட்டும் துணிய மாட்டார்கள். தாளிப்பு வாசனை ஆத்தாளுக்கு ஆகாது. அதனால் சாயங்காலத்தில் வாசனை வராத வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டுவான். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

அதைப் பெங்களூர்க்காரர்களிடம் சொன்னதுதான் வினையாகிப்போனது. இனி வரப்போகும் கொள்ளைநோய்களுக்கு இப்போதே திட்டம் போடுகிற கம்ப்யூட்டர் ஒன்றை, ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டு நிற்கிற மிஷினை, அவர்கள் பழக்கிக்கொண்டிருந்தார்கள். மனுசனைப் போலவே யோசிக்குமாம், என்னத்தைச் சொல்ல. தாளிக்கிற வாசனை இருந்தால் நோய் இல்லை என்று அது முடிவு கட்டியது. அவன் அக்கா மாதம்மாளின் ஊரில் எல்லா வீட்டிலும் வாசனை என்று தகவல் போனதும், அங்கே யாரும் போகத் தேவையில்லை என்றது.

ராஜப்பன் மிஷினைப் பழக்குகிற என்ஜினீயரிடம் கெஞ்சினான். "சார், விசயம் வெளிய தெரிஞ்சா ஊசிக்குப் பயந்துக்கிட்டு வேணும்னே தாளிப்பாங்க. அது உங்க மிஷினுக்குத் தெரியுமுங்களா?"

"நாம சொன்னதுதான்பா அதுக்குத் தெரியும். தாளிக்கறதுக்கு ஒரு மனுசன் வேணும்னுகூட நாம சொன்னாத்தான் தெரியும்."

"சொன்னீங்களா சார்?"

அவர் சிரித்தார். "அதையெல்லாமா சொல்லுவாங்க?"

அந்த ஊரில்தான் ராஜப்பனின் மகள் குள்ளம்மாள் அக்காவிடம் வளர்ந்தாள். தாயில்லாப் பிள்ளை. ஊருக்கெல்லாம் குத்தியவன், ஊசியைப் பார்த்து அவள் அழுகிறாளே என்று அடுத்த முறை, அடுத்த முறை எனத் தள்ளிப்போட்டிருந்தான். இன்று யார் உத்தரவும் இல்லாமல் மருந்துப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டான். அழட்டும். இன்றைக்குக் குத்தியே தீர வேண்டும்.

சித்தேரி மலைமேல் கடைசி வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் வீட்டில் எண்ணெய் காய்ந்து, கடுகு படபடவென்று வெடித்து, கறிவேப்பிலை சொர்ரென்று சுருங்குகிற சத்தம் தெருவரை கேட்டது. அதே சத்தம் பக்கத்து வீட்டிலும், எதிர் வீட்டிலும், தெருக்கோடி வரை எல்லா வீட்டிலும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக அடங்கி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. தாளிப்பு வாசனைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, பெரியம்மை வீடுகளில் அவன் பழகிய அழுகல் நெடி.

"வூட்டுல யாருங்க?"

முதல் வீட்டுக் கதவைத் தள்ளினான். அடுப்பில் பழைய சாம்பல். அதன்மேல் சட்டி. சட்டிக்குள் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. சுவரோரம் பாயில் தலையோடு போர்த்திய உருவங்கள். ஒன்றும் அசையவில்லை.

ஓடினான்.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

"மாதக்கா."

கடுகுச் சத்தம் மட்டும்.

உள்ளே, அடுப்புக்கு முன்னால், குள்ளம்மாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி. கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பாடா. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சாமி, அப்பா வந்துட்டேன்." பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தான். பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டான்.

சில்லென்றிருந்தது. கட்டையாக விறைத்திருந்தது. கழுத்திலிருந்து விரல்வரை, இடமில்லாமல் அம்மைக் கொப்புளம்.

அடுப்பில் நெருப்பு இல்லை.

"வாசனை வருதாப்பா?" அவள் குரல்தான். "வாசனை வந்தா நமக்கு நோவு இல்லையாம். அத்தை சொல்லுச்சு."

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

அவள் மெல்லத் திரும்பினாள். இமை நிறைய ஈ. ஒன்றுகூட எழும்பவில்லை. அந்தக் கண்களால் ஊசியைப் பார்த்தாள். அழவில்லை. இடது கையைத் தானாகவே அவனிடம் நீட்டினாள். வலது கை கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தது.