முப்பத்தோராவது புள்ளி

"கடைக்காரன் என் மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்கறான்டா தம்பி," என்றாள் அக்கா போனில். "காசை நீட்டிக்கிட்டு நிக்கறேன், எனக்குப் பின்னாடி வந்தவளுக்குச் சாமான் கட்டறான்."

அவன் சிரித்தான்.

அந்தச் சின்னத் தீவின் ராணுவ விமான தளத்தில் வரைபடம் வரைபவன் அவன். ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள். குறுக்கே வரும் வீட்டில் ஆள் இருந்தால் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைக்க வேண்டும். முப்பது புள்ளிக்கு மேல் போனால் ஊரைக் கூட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். முப்பத்தொன்று இருந்தது. "ஒண்ணைக் குறைப்பா," என்றார் அதிகாரி. ஊரார் வீட்டில் கை வைத்தால் சண்டைக்கு வருவார்கள், அக்கா என்றால் நம் வீட்டிலேயே வந்து இருக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, நேற்று அவள் வீட்டுப் புள்ளியைப் பிளேடால் சுரண்டிவிட்டான்.

மதியம் மறுபடி அழைத்தாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. "தம்பி, கண்ணாடில நான்..." அவ்வளவுதான்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். கதவு திறந்து கிடந்தது. தரையெல்லாம் விரற்கடை உயரத்துக்குப் புழுதி, ஜன்னல் மூலைகளில் பல வருஷத்து ஒட்டடை, இதற்கெல்லாம் நடுவே அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை மட்டும் என்றும் போல் இருந்தது.

"அக்கா!"

பானை மூடி தடதடத்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி ஓடினான். படத்தை விரித்து, சுரண்டிய இடத்தில் பேனாவை அழுத்தினான். மை ஒட்டவில்லை. உருண்டு ஓடியது. மறுபடி வைத்தான். உருண்டது.

அப்போதுதான் கவனித்தான். ஓடுபாதைக் கோடு காலையில் இருந்ததைவிட நீண்டிருந்தது. அவன் வீடு அதற்குள் இருந்தது. புள்ளி இல்லை.

"பாதை கொஞ்சம் நீண்டுடுச்சுப்பா," என்றார் அதிகாரி பின்னாலிருந்து. "கூடப்பிறந்தவ வீட்டையே எடுத்தவன், இதுக்கா கோவிச்சுக்கப் போறான்னு நானே சுரண்டிட்டேன்."

வீட்டுக்குள் அவன் நுழைந்தபோது வெயில் தாழவில்லை. கூடம் முழுக்கப் புழுதி. மனைவியைக் கூப்பிட்டான். மகளைக் கூப்பிட்டான்.

சமையலறைப் பக்கம் புழுதியில் ஒரு சின்னப் பாதம் பதிந்தது.

இன்னொன்று.

ஓடி வந்தன. அவன் காலடியில் நின்றன. சட்டை நுனியை ஏதோ பிடித்து இழுத்தது.

"அப்பா, ஏம்ப்பா எங்களப் பாக்கவே மாட்டேங்கறே?"